பாளையங்கோட்டைத் தொட்டியும் ஹேம்குண்ட் பாறையும்

முதல் நாள்: ரிஷிகேஷ் – ஜோஷிமட்

விடிகாலை ஐந்து மணிக்கு ரிஷிகேஷில் கிளம்பிய வண்டி ஜோஷிமட் வந்து நின்றபோது மாலை ஆறரை. தூரம் என்னவோ 250 கிலோமீட்டர்தான். வழியில் இரண்டு இடத்தில் மலை சரிந்து ரோட்டில் கிடந்தது. ஜேசிபி வந்து அள்ளிப் போடும்வரை உட்கார்ந்திருந்தோம். ஆகஸ்டில் கார்வால் மலைக்கு எவனாவது போவானா என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. என்ன செய்வது, நாங்கள் பார்க்க வந்த பூ மழைக்காலத்தில்தான் பூக்கும்.

பூவின் பெயர் பிரம்மகமலம்.

‘அட, எங்கள் வீட்டு மாடியிலேயே இருக்கிறதே’ என்பீர்கள். எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் பிரச்சினையே.

பாளையங்கோட்டையில் ஆச்சி வைத்த தொட்டி அது. வருஷத்தில் ஒன்றிரண்டு முறை மொட்டு விடும். பூக்கப்போகிற அன்று மாலையே மொட்டின் கழுத்து மெல்ல நிமிர்ந்துவிடும். தெருவுக்கே தகவல் போய்விடும். எட்டு மணிக்கு மேல் வாய் திறக்கும், பதினொன்றுக்கு முழுசாக விரிந்து நிற்கும். வாசனை முற்றம் முழுக்க நிறையும். ஆச்சி சூடம் காட்டுவாள். “உள்ள பாருங்க, பிரம்மா உக்காந்திருக்காரு, மேல ஆதிசேஷன் குடை பிடிக்கான்” என்று குழந்தைகளைத் தூக்கித் தூக்கிக் காட்டுவாள். எனக்கு ஒருநாளும் பிரம்மா தெரிந்ததில்லை, தெரிந்ததாகச் சொல்லிவிடுவேன். காலையில் எழுந்து பார்த்தால் பிழிந்த துணி மாதிரி தொங்கிக் கிடக்கும்.

இமயமலையில் இருந்து வந்த செடி என்று ஆச்சி சொல்வாள். சித்தப்பாவும் அப்படியே நம்பி, தபால் ஆபீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் உண்மையைச் சொன்னேன். அது கள்ளிக் குடும்பத்துச் செடி. தாவரவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம். சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். நாம் இலை என்று நினைப்பது இலையே இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் ‘இலை’யின் ஓரத்திலிருந்து பூ வருகிறது, ஒரு துண்டை ஒடித்து மண்ணில் சொருகினால் பிழைத்துக்கொள்கிறது. இலங்கையில் இதையே கடுபுல் என்கிறார்கள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அப்போ எங்கம்மா சூடம் காட்டினது கள்ளிச்செடிக்காடே?”

நிஜ பிரம்மகமலம் வேறு. சாசூரியா ஒப்வல்லாட்டா, சூரியகாந்திக் குடும்பம். இமயமலையில் ஏறத்தாழ 3,700 மீட்டருக்கு மேல்தான் வளரும். உத்தராகண்டின் மாநிலப் பூ. “சரி, அதைப் பார்த்துருவோம்” என்று அன்றைக்குச் சொன்னவர் டிக்கெட் போடும்வரை விடவில்லை. அவருக்கு வயது 63. வலது முழங்கால் மட்டும் இன்னும் நாலைந்து வயது கூட.

வழியில் தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று ஒவ்வொரு சங்கமத்திலும் வண்டியை நிறுத்தச் சொன்னார். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கலக்கும் இடத்தில் இப்போது இரண்டுமே சேற்று நிறம். இரண்டு நிறத் தண்ணீர் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் படங்களெல்லாம் மழைக்காலத்தில் எடுத்தவை இல்லை.

ஜோஷிமட் லாட்ஜில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த திவ்யதேச யாத்திரைக் குழு ஒன்று தங்கியிருந்தது. திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இந்த ஊர் நரசிம்மர் கோயில்தான் என்று கொள்கிறார்கள். சமையல்காரரையும் கூடவே கூட்டி வந்திருந்தார்கள். மாடிப்படியில் வத்தக்குழம்பு மணத்தது. எங்களுக்கும் இரண்டு கரண்டி கிடைத்தது. எதற்கு வந்தோம் என்று ஒரு மாமி விசாரித்தார். சொன்னேன்.

“பிரம்மகமலமா? எங்காத்து மொட்டை மாடியிலேயே பூக்கறதே! இதுக்கா இவ்ளோ தூரம் வந்தேள்?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

2023 ஜனவரியில் வீடுகள் விரிசல் விட்டுச் செய்தியில் அடிபட்ட ஊர் இது. நாங்கள் நடந்த தெருவிலேயே சுவரில் கை நுழைகிற மாதிரி ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒருவர் டீக்கடை போட்டு நடத்திக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள்: கோவிந்த்காட் – காங்கரியா

ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் ஒரு மணி நேரம். 2013 ஜூன் வெள்ளம் இங்கிருந்த பாலத்தையும் ஆற்றங்கரைக் கட்டடங்களையும் அடித்துக்கொண்டு போனது. மேலே பியூந்தார் கிராமத்தையும் அது விடவில்லை. அலக்நந்தா இன்றைக்கும் போடுகிற இரைச்சலில், பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

கடையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழைக்கோட்டும், நுனியில் இரும்புப் பூண் போட்ட கம்பும் வாங்கினோம். ஜீப் நாலு கிலோமீட்டரில் புல்னாவில் இறக்கிவிடும். அதற்கு மேல் வண்டி கிடையாது. காங்கரியாவுக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர் ஏற்றம். நடக்கலாம், கோவேறு கழுதையில் போகலாம், இல்லையென்றால் ‘கண்டி’. மூங்கில் கூடையில் நம்மை உட்காரவைத்து ஒரு மனிதர் முதுகில் சுமந்து போவார். கண்டிக்காரர் ஒருவர் சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடை கேட்டார். சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நடந்தே வருவதாக முடிவு செய்தார்.

பாதை கல் பாவிய நல்ல பாதைதான். ஆனால் மழையும் கழுதைச் சாணமும் சேர்ந்து அதன் மேல் ஒரு தைலம் பூசிவைத்திருக்கின்றன. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேலே இருக்கிற ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்குப் போகும் சீக்கியர்கள். எதிரில் இறங்கி வருகிற ஒவ்வொருவரும் “வாஹே குரு” என்கிறார்கள். முதலில் தயங்கிய சித்தப்பா, இரண்டாவது கிலோமீட்டரில் பதிலுக்கு “வாஹே குரு”, நாலாவதில் அவரே முந்திக்கொண்டு “வாஹே குரு!”. எண்பது வயது இருக்கும் ஒரு சர்தார்ஜி, செருப்பில்லாமல் இறங்கி வந்தவர், சித்தப்பாவின் கையில் நாலு கல்கண்டைத் திணித்துவிட்டுப் போனார். அந்த மனிதரைப் பார்த்த பிறகு முழங்கால் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை சித்தப்பா.

காங்கரியா 3,049 மீட்டரில், தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரே ஒரு தெரு. குருத்வாரா, லாட்ஜுகள், டாபாக்கள், நூற்றுக்கணக்கில் கழுதைகள். கரண்ட் சில மணி நேரம்தான். சிக்னல் சுத்தமாக இல்லை. இந்த நாள் குறிப்பும் அடுத்த இரண்டும் கீழே இறங்கிய பிறகுதான் பதிவேறும். ஈர சாக்ஸை எங்கே காய வைப்பது என்பதுதான் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே கவலை.

மூன்றாம் நாள்: பூக்களின் பள்ளத்தாக்கு

இன்றைக்கு பிரம்மகமலம் கிடையாது என்று முன்கூட்டியே சித்தப்பாவிடம் சொல்லிவிட்டேன். அது இன்னும் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கில் நாம் நடக்க அனுமதிக்கும் பாதையில் பார்க்க முடியாது. இரவெல்லாம் மழை கேட்டுப் படுத்திருந்த காலுக்கு இன்று நல்ல பழக்கம் ஆகும், அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள், சாயங்காலம் ஐந்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். உள்ளே தங்க முடியாது, கடை கிடையாது, கழுதையும் கிடையாது. புஷ்பாவதி ஆற்றைப் பாலத்தில் தாண்டி, பூர்ஜ மரக் காட்டுக்குள் ஏற வேண்டும். பழைய ஏடுகள் எழுதிய பட்டை இந்த மரத்துடையதுதான். காகிதம் மாதிரி அடுக்கடுக்காய் உரிந்து காற்றில் படபடக்கிறது.

இந்தப் பள்ளத்தாக்கை வெளியுலகத்துக்குச் சொன்னவர் ஃபிராங்க் ஸ்மைத் என்ற பிரிட்டிஷ் மலையேற்றக்காரர். 1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும்போது மோசமான வானிலைக்கு ஒதுங்கி, கணவாய் தாண்டி இறங்கிய இடம் இது. 1937-ல் பூக்களுக்காகவே திரும்ப வந்தார். ஆனால் ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறார்களே, அது எனக்கு ஒப்பவில்லை. பியூந்தார்க்காரர்கள் அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக இங்கே ஆடு மேய்த்தவர்கள். 1982-ல் தேசியப் பூங்காவானபோது மேய்ச்சல் நின்றது. அதன் பிறகு பாலிகோனம் என்ற ஒரு வெள்ளைப் பூச்செடி ஆளுயரத்துக்குப் பெருகி மற்றச் செடிகளை அமுக்க ஆரம்பித்தது. ஆட்டை வெளியேற்றியதுதான் காரணமா என்று விவாதம் இன்னும் ஓடுகிறது. வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு இந்தக் கதையெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் ஒரு செடியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரை விட உயரமான செடி, தண்டு விரல் தடிமன், இளஞ்சிவப்பில் தொங்கும் பூக்கள்.

“இது காசித்தும்பைல்லா?”

காசித்தும்பையின் ஒன்றுவிட்ட சொந்தம்தான், இம்பேஷன்ஸ் சல்கேட்டா. ஊரில் முழங்கால் உயரத்தில் நிற்கிற காசித்தும்பை இங்கே கூரையைத் தொடுகிற மாதிரி வளர்ந்து சரிவு முழுக்க நிறைந்திருக்கிறது. சித்தப்பா முதிர்ந்த காய் ஒன்றை இரண்டு விரலால் மெல்லத் தொட்டார். பட்டென்று வெடித்துச் சுருண்டு விதைகள் அவர் மூக்குக் கண்ணாடியில் தெறித்தன. சின்ன வயதில் காசித்தும்பைக் காயை வெடிக்க வைத்து விளையாடாதவர் யார்? அதற்கப்புறம் அவரை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவது பெரும்பாடாகிவிட்டது. ஐந்தாறு காய் போயிருக்கும். வனக்காவலர் யாரும் இதைப் படிக்கவேண்டாம்.

நீல பாப்பி ஒன்றே ஒன்று கண்ணில் பட்டது. தண்டெல்லாம் முள், இதழோ மழையில் நனைந்த டிஷ்யூ காகிதம். மஞ்சள், ஊதா, வெள்ளை என்று மற்றவற்றின் பெயரைப் பட்டியல் போட்டு உங்களைச் சோதிக்க மாட்டேன்.

இன்னும் உள்ளே, ஜோன் மார்கரெட் லெக் என்ற தாவரவியல் ஆர்வலரின் கல்லறை இருக்கிறது. 1939-ல் செடிகள் சேகரிக்க வந்து, பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனவர். பின்னால் அவருடைய சகோதரி இவ்வளவு தூரம் வந்து கல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஊருக்குக் கொண்டுபோக முடியாத உடல், பூக்களுக்கு நடுவிலேயே கிடக்கிறது. சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, அதாவது ஈர ஷூவைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் நின்றார். மறுபடி அதை மாட்டக் கால் மணி நேரம் ஆனது.

நான்காம் நாள்: ஹேம்குண்ட்

காலை நாலே முக்கால். டார்ச் வெளிச்சத்தில் கிளம்பினோம். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மேலே நாலாயிரத்து முன்னூறு மீட்டர் உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம். சித்தப்பா ஐம்பது அடி நடந்தார், நின்றார், கருப்பட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டார், மறுபடி ஐம்பது அடி. கருப்பட்டி உடன்குடியிலிருந்து வந்தது.

எட்டு மணி வாக்கில் மரங்கள் தீர்ந்துவிட்டன. அப்புறம் புதர்களும் தீர்ந்தன. புல், பாறை, மேகம். மேகம் என்றால் தலைக்கு மேல் இல்லை, முகத்துக்கு நேரே. பாதை இரண்டாகப் பிரிகிறது: கழுதைகள் போகிற சுற்றுவழி, நேரே ஏறும் கல்படிகள். படிகள் ஆயிரத்துக்கும் மேல். சுற்றுவழியை எடுத்தோம்.

ஒன்பதரைக்கு மேல் இருக்கும். தடுப்புச் சுவரின் அந்தப் பக்கம், பாசி பிடித்த பாறை இடுக்கில், வெளிறிய பச்சையில் ஏதோ ஒன்று. முதலில் யாரோ எறிந்த பிளாஸ்டிக் பை என்றுதான் நினைத்தேன். மேகம் கொஞ்சம் விலகியது. ஒன்றில்லை, சரிவு முழுக்க. முழங்கால் உயரத்தில் முப்பது, நாற்பது, அதற்கு மேலே எண்ண முடியவில்லை.

“சித்தப்பா, இதுதான்.”

அவர் கம்பை ஊன்றி நின்று பார்த்தார். மூச்சு வாங்கியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“இது என்னடே, முட்டைக்கோசு விரிஞ்ச மாதிரி இருக்கு.”

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே ஏமாற்றம்தான். ஆச்சியின் பூ வெள்ளை வெளேரென்று, கிண்ணம் மாதிரி, அதற்குள் மெல்லிய கேசரங்கள், வாசனை. இதுவோ மஞ்சள் கலந்த பச்சை. ஒரே வாசனைதான் அடித்தது, பச்சிலை மருந்துக் கடையைத் திறந்த மாதிரி, கொஞ்சம் காரமாக. சூடம் காட்டத் தோன்றாது.

சித்தப்பாவுக்கு உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சுவரில் உட்கார்ந்தார். பூவுக்கும் அவர் முகத்துக்கும் நடுவே இரண்டடி. மழை தூறிக்கொண்டே இருந்தது. நாங்கள் தொடவில்லை, உட்கார்ந்து பார்த்தோம், அவ்வளவுதான்.

பார்க்கப் பார்க்கத்தான் அது பிடிபட ஆரம்பித்தது. இதழ் என்று நினைத்தது இதழ் இல்லை. மடல். வாழைப்பூவுக்கு மடல் எப்படியோ அப்படி. படகு மாதிரி குழிந்த மடல்கள் ஒன்றை ஒன்று தழுவிக்கொண்டு நிற்கின்றன. எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவுகிறது, நரம்பெல்லாம் தெரிகிறது. வெளியே மழைத்துளி உருண்டு உருண்டு கீழே போகிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரமில்லை. அந்த உலர்ந்த அறைக்குள், நாவல்பழக் கருநீலத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்குச் சின்னச் சின்னக் கொத்துகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. அவைதான் பூ. சூரியகாந்தியின் நடுவட்டத்தில் இருக்கிறதே, அதுபோல ஒவ்வொரு கொத்தும் பல பூக்கள்.

வெயிலை உள்ளே விட்டு, குளிரையும் மழையையும் வெளியே நிறுத்தும் கண்ணாடி வீடு அது. மகரந்தம் நனைந்தால் வீண். இங்கே மழையோ நிற்பதேயில்லை. பனி உருகுவது ஜூனில், மறுபடி கொட்டுவது அக்டோபரில். நடுவில் கிடைக்கிற மூன்று நான்கு மாதத்தில் இலை விட்டு, பூத்து, பஞ்சு வைத்த விதைகளைக் காற்றில் அனுப்பிவிட்டு, மண்ணுக்குள் இருக்கிற வேரோடு தூங்கிப் போக வேண்டும். குடை பிடிக்காமல் இங்கே பிழைப்பு ஓடாது.

அப்போது ஒரு மடலுக்குள் ஏதோ அசைந்தது. பருத்த வண்டுத்தேனீ ஒன்று, முதுகு மயிரெல்லாம் நனைந்து ஒட்டிப்போய், அந்தக் கருநீலக் கொத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. தேன் குடிக்க வந்ததா, மழைக்கு ஒதுங்கியதா தெரியவில்லை. அவ்வப்போது பின்னங்காலால் முதுகைத் துடைத்துக்கொண்டது.

“ஆச்சி சொன்னது சரிதான்டே,” என்றார் சித்தப்பா. “உள்ள ஒரு ஆளு உக்காந்திருக்கான், மேல குடை பிடிச்சிருக்கு.”

இருபது நிமிடம் போயிருக்கும். எனக்குக் கை விறைத்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

கீழே ஊரில் கிடைக்கும் செடியாக இருந்தால் இவர் இந்நேரம் ஒரு துண்டை ஒடித்துப் பைக்குள் போட்டிருப்பார். எங்கே போனாலும் பதியன் கொண்டுவருகிற ஆள். இதை ஒடித்து என்ன செய்வது? பாளையங்கோட்டை வெயில் வேண்டாம், காங்கரியா குளிரே இதற்குப் போதவில்லை, அங்கே ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. கள்ளிச்செடி மெக்சிகோவிலிருந்து கடல் தாண்டி வந்து திருநெல்வேலி முற்றத்தில் வேர் விட்டுவிட்டது. இது இந்தச் சரிவிலிருந்து அரை நாள் நடைதூரம் இறங்க மாட்டேன் என்கிறது. அதன் பெயர் மட்டும் கன்னியாகுமரி வரை போயிருக்கிறது.

பறிக்காதீர்கள் என்று பலகை இருக்கிறது. இருந்தும் இறங்கி வந்த ஓர் இளைஞன் கையில் மூன்று பூ, தண்டோடு. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்த ஒரு பஞ்சாபி அம்மா அவனைப் பிடித்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று முழுக்கப் புரியவில்லை, ஆனால் அந்தத் தொனிக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. எங்கள் ஆச்சி தொனி. கோயில் பூஜைக்கு, நாட்டு மருந்துக்கு, சும்மா ஞாபகத்துக்கு என்று விதை வைப்பதற்கு முன்னால் பறித்துக்கொண்டே போனால் அடுத்து முளைக்க எதுவும் இருக்காது. சுலபமாக எட்டும் பாதையோரத்தில் பூ குறைவாகவும் கை எட்டாத பாறையில் கூட்டமாகவும் நிற்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

பதினொன்றரைக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். குரு கோவிந்த் சிங் முற்பிறவியில் தவம் செய்த இடம் என்பது சீக்கியர்களின் நம்பிக்கை. ஏரியை ஒட்டிக் குருத்வாரா, பக்கத்திலேயே லட்சுமணர் கோயில். ஏரியின் மறு கரை மேகத்தில் காணாமல் போயிருந்தது. இளைஞர்கள் “சத் ஸ்ரீ அகால்” என்று கத்திக்கொண்டு அந்தப் பனித்தண்ணீரில் முங்கி எழுந்தார்கள். “தாமிரவருணியில் மார்கழியிலேயே குளிச்சவன் நான்” என்று சட்டைப் பட்டனைக் கழற்றிய சித்தப்பா, இரண்டு கால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டார். தலையில் மூன்று சொட்டு தெளித்துக்கொண்டதோடு சரி.

குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கரில் சூடான கிச்சடியும் டீயும். யார், எந்த ஊர், என்ன மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிச்சடி நம்மூர் வெண்பொங்கலுக்குப் பக்கத்து வீடு. “மிளகு மட்டும் பத்தலை” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது முறை வாங்கினார்.

மேலே தங்க முடியாது, மதியத்துக்குப் பிறகு எல்லோரையும் இறக்கிவிடுகிறார்கள். டீ ஊற்றிக் கொடுத்த உள்ளூர்ப் பையன், இதற்கும் உயரே பேன்கமல் என்று இன்னொன்று இருக்கிறது என்று போனில் படம் காட்டினான். அதுவும் சாசூரியாதான். ஆனால் மடலுக்குப் பதில் உடம்பு முழுக்கப் பஞ்சு. கம்பளி போர்த்திய உருண்டை மாதிரி பனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இவன் குடை, அவன் கம்பளி. சித்தப்பா படத்தைப் பார்த்துவிட்டு இன்னும் எவ்வளவு தூரம் என்று விசாரிக்கத் தொடங்கியதும் நான் அவரைக் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்துவிட்டேன்.

இறக்கத்தில்தான் முழங்கால் பழி வாங்கியது.

ஐந்தாம் நாள்: பத்ரிநாத்

காங்கரியாவிலிருந்து புல்னா வரை சித்தப்பா கழுதையில். அதைப் பற்றி எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

கோவிந்த்காட்டிலிருந்து பத்ரிநாத் இருபத்தைந்து கிலோமீட்டர்தான் என்பதால் போய்விட்டு வந்தோம். வழியில் ஹனுமான் சட்டி. திரௌபதி கேட்ட சௌகந்திகப் பூவைத் தேடி வந்த பீமன், வாலை நீட்டிப் படுத்திருந்த அனுமனிடம் தோற்ற இடம் என்று சொல்கிறார்கள். அந்தப் பூவே பிரம்மகமலம்தான் என்பது இங்குள்ளவர்கள் சொல்வது. பாரதத்தில் அது குளத்தில் பூக்கிற பூவாயிற்றே என்று எனக்கு ஒரு சந்தேகம். சித்தப்பா “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றார். ஆச்சி விஷயத்தில் அவர் என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

பத்ரிநாத் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய வதரி. தலைமை அர்ச்சகர் ராவல் கேரளத்து நம்பூதிரி. சாமிக்குத் துளசி மாலை. நல்ல கூட்டம். ஸ்ரீரங்கத்து மாமி வரிசையில் எங்களுக்கு நாலு பேர் முன்னால் நின்றார். “பார்த்தேளா?” என்றார். சித்தப்பா போனை எடுத்து நீட்டினார். மாமி கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது வேற ஏதோன்னா?”

“இதுதான் நிஜம். உங்காத்துல இருக்கது கள்ளிச்செடி, எங்க வீட்டுலயும் அதான்,” என்றார் சித்தப்பா. மாமி நம்பவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

ஆறாம் நாள்: ரோட்டில்

கர்ணப்பிரயாகைக்கு முன்னால் மறுபடி சரிவு. காலை பத்து மணியிலிருந்து நிற்கிறோம். சிக்னல் இருப்பதால் இதுவரை எழுதியதையெல்லாம் இங்கிருந்தே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முன்னால் அறுபது எழுபது வண்டி. ஒருவர் எங்கிருந்தோ வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்து உப்பும் மிளகாயும் தடவி விற்கிறார்.

எங்கள் டிரைவர் இந்தப் பக்கத்துக்காரர். சித்தப்பா அவரிடமும் போட்டோவைக் காட்டினார். அவர்கள் ஊரில் நந்தாதேவி திருவிழாவான நந்தாஷ்டமிக்கு மட்டும்தான் பிரம்மகமலம் பறிப்பார்களாம், அதாவது அடுத்த மாதம். அதற்கு முன்னால் கை வைத்தால் நந்தாதேவிக்குக் கோபம். ஊரில் தேர்ந்தெடுத்த சிலர் விரதமிருந்து, செருப்பில்லாமல் மேலே போவார்கள். சத்தம் போடக் கூடாது, பளிச்சென்ற துணி உடுத்தக் கூடாது, மலையில் இருக்கிற ஆச்சரிகள் பிடித்துக்கொள்வார்கள். ஆச்சரி என்றால் நம்மூர் மோகினி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நந்தாஷ்டமிக்குள் பாதிப் பூ விதை கட்டிவிடும் என்று யோசித்தேன். அவரிடம் கேட்கவில்லை, கோபம் நந்தாதேவிக்கென்றே இருக்கட்டும்.

“பறிச்சா எத்தனை நாள் இருக்கும்?” சித்தப்பா கேட்டதை நான் இந்தியில் சொன்னேன்.

போன வருஷத்துப் பூ இன்னும் தன் வீட்டு நிலைப்படிக்கு மேல் தொங்குகிறது என்றார் டிரைவர். காய்ந்து பழுப்பாகிவிட்டது, ஆனால் உருவம் அப்படியே இருக்கிறதாம்.

சித்தப்பா அதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனை எடுத்து சித்தியைக் கூப்பிட்டார். மாத்திரை போட்டாச்சா, மழை உண்டா என்ற விசாரணையெல்லாம் முடிந்தது.

“தொட்டில மொட்டு வச்சிருக்கா?”

சித்தி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

“மூணா? இன்னைக்கேவா? சரி, நான் வர்ற வரைக்கும் நிக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டு. சூடம் அலமாரியில, மேல் தட்டுல இருக்கு.”

முன்னால் ஹாரன் சத்தம் கேட்கிறது. வண்டிகள் நகர்கிற மாதிரி இருக்கிறது.